எட்ட நின்ற ஆள்

எல்லோரும் மரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது தெய்வசிகாமணி மட்டும் தோளில் வீடியோ கேமராவோடு பின்னால் நடந்துகொண்டிருந்தார். பார்வை முன்னால், கால் பின்னால். சங்கராபுரத்துக் கல்யாணங்களில் இப்படி நடந்து சாக்கடையில் விழுந்திருக்கிறார். பந்தியில் சாம்பார் வாளியைக் கவிழ்த்திருக்கிறார். மூங்கில்துறைப்பட்டுச் சாலையில் அன்று மதகுச் சுவர் முதுகில் இடித்த பிறகுதான் நின்றார்.

"இன்னாய்யா, மரம் அங்க வுழுது, நீ இங்க வந்து நிக்கிற?" என்றார் ராஜாங்கம். சாலையில் மரத்தை வெட்டிப் போட்டு நடத்தும் இட ஒதுக்கீட்டு மறியலுக்கு ஆள் திரட்டியவர் அவர். படம் எடுக்கச் சொன்னதும் அவரே. வந்தது நாற்பது பேர்கூட இல்லையே என்று காலையிலிருந்து அவருக்கு முகமே சரியில்லை.

"கிட்ட போனா நாப்பது பேரு நாப்பது பேராத்தான் தெரிவான். எட்ட நின்னு இழுக்கணும். ஆளு மேல ஆளு அடுக்குனாப்புல நிப்பான். மாநாடு கணக்கா காட்டறேன், பாத்துக்கினே இருங்க."

சும்மா சொல்லவில்லை. கோடம்பாக்கத்தில் பல வருடம் லென்ஸ் பெட்டி தூக்கியவர். கதாநாயகி அழுதால் நீள லென்ஸ். பின்னாலிருக்கும் உலகம் கரைந்துபோய் அவள் ஒருத்தி மிஞ்சுவாள். வில்லன் வந்தால் அகல லென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மூக்கு முன்னே வரும், அறை பின்வாங்கும். "அழுவுறது அந்தம்மா இல்ல, கண்ணாடி" என்பார். ஊர் திரும்பி வீடியோ எடுக்க வந்த பிறகு கையில் இருந்தது ஒரே ஜூம் லென்ஸ். அதன் இரண்டு முனைகளை வைத்துக்கொண்டே பிழைத்தார். ஏழை வீட்டுப் பந்தல் அகல முனையில் மண்டபமாகும். மாப்பிள்ளை பக்கம் சனம் கம்மி என்றால் தெருக்கோடிக்குப் போய் நீள முனையில் இழுத்துவிடுவார். கேசட்டைப் போட்டுப் பார்க்கிற பெண் வீட்டார் மலைத்துப்போவார்கள். அதனால் யாருக்கும் நட்டம் வந்ததில்லை.

புளியமரம் விழுந்தது. இழுத்துப் பிடித்த சட்டத்துக்குள் தலைகள் நெருக்கியடித்து நின்றன. எங்கோ கிடந்த கல்வராயன் மலை அவர்கள் முதுகுக்குப் பின்னால் சுவர் மாதிரி எழுந்து வந்தது. ராஜாங்கம் எட்டிப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டினார்.

மரத்துக்கு அப்பால், சாலை வளையும் இடத்தில், ஆலைக்குப் போக வழியில்லாமல் ஒரு கரும்பு வண்டி நின்றிருந்தது. வண்டிக்காரர் சுப்புராயன் தோகையை நறுக்கி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மரம் விழுந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கையில் கத்தி.

போலீஸ் வந்து கேசட்டை எடுத்துக்கொண்டு போயிற்று. ஸ்டேஷனில் போட்டுப் பார்த்தார்கள். மரம் வெட்டியவர்கள் எல்லோரும் முதுகு காட்டி நின்றார்கள். அவர்களோடு தோள் உரச, முகம் தெரிய, கத்தியோடு நின்றவர் சுப்புராயன் ஒருவர்தான். ராஜாங்கம் கேமராவுக்குப் பின்னால் இருந்ததால் படத்தில் இல்லை. இப்போது ஊரிலும் இல்லை. சுப்புராயனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சுப்புராயனின் மனைவி கொளஞ்சியம்மாள் தெய்வசிகாமணியின் வீடியோ கடை வாசலில் வந்து நின்றாள். "எங்க சனத்துக்கும் அந்த மறியலுக்கும் இன்னாண்ணா சம்மந்தம்? அவுங்க எங்கள கூப்புடுவாங்களா, கூப்புட்டாத்தான் நாங்க போவமா? படம் புடிச்சவரு நீங்க. வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா."

தெய்வசிகாமணி மறுபடி அந்தச் சாலைக்குப் போனார். வண்டி நின்ற இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி, வெட்டிய மரத்தின் அடியிலிருந்து அகல முனையில் எடுத்தார். சாலை நீண்டு கிடந்தது. கடைசியில் ஆள் ஒரு புள்ளி.

இன்ஸ்பெக்டர் இரண்டு கேசட்டையும் பொறுமையாகப் பார்த்தார்.

"அதுல பக்கத்துல நிக்கிறான். இதுல ஆளே தெரியல. எதுய்யா நெசம்?"

"ரெண்டும் நெசந்தான் சார். எட்ட இருந்து இழுத்தா நடுவுல இருக்கிற தூரம் சுருங்கிடும். கூட்டமே அவ்ளோ இல்ல சார், நாப்பது பேருதான்."

"நாங்க ஆயிரம்னு எழுதிட்டம்." பக்கத்திலிருந்த ஏட்டு சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டும் நெசம்னா மொதல்ல எடுத்தத நான் வெச்சுக்கறேன். அப்ப உனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

முதல் படம் பொய் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். இத்தனை வருடம் கண்ணாடியோடு பழகியவருக்கு அது வாயில் வரவில்லை. வெளியே வந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாளிடம், "சொல்லிட்டம்மா" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சுப்புராயனுக்கு ரிமாண்ட் ஆயிற்று. கோர்ட்டுக்கு வெளியே, மைதானத்தின் அந்தக் கோடியில் வேன் நின்றது. வீட்டுச் சனங்களைக் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். தெய்வசிகாமணி ஒரு முகூர்த்தம் முடிந்து கேமராவோடு நேரே வந்திருந்தார். கொளஞ்சியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"எட்ட நின்னவர கிட்ட இழுத்த இல்ல? இப்ப இழு."

அவர் கேமராவை அவள் தோளில் வைத்து, கனம் ஏறாமல் அடியில் தாங்கிக்கொண்டு, ஜூமை நகர்த்தினார். அவள் கண் வைத்த துளைக்குள் கறுப்பு வெள்ளையில் வேன் வந்தது, கம்பி வந்தது, கம்பிக்குப் பின்னால் முகம் வந்தது. வேன் கிளம்பியது. அவள் கண்ணை எடுக்காமல், அந்த முகத்தைத் தொட வலது கையை முன்னால் நீட்டினாள். கை லென்ஸை மறைத்தது.

தெய்வசிகாமணி கையை எடுக்கச் சொல்லவில்லை.