ஸெலியின் ஒன்பது நிமிடம்

வாட்ச் ஆலைகள் நிறைந்த எங்கள் லெ லோக்ல் ஊரில், 1927இல், ஆண்களின் வாட்சைப் பதினைந்து நாள் சோதிப்பார்கள்: நிமிர்த்தி, கவிழ்த்து, குளிரில், வெப்பத்தில். பெண்களின் வாட்சுக்கு ஒரு பகல் போதும். அது நகை என்றார்கள்.

இரண்டையும் சரியாக ஓடவைத்தவர்கள் ஸெலி மாத்தீல் என்பவளைப் போன்ற ஆலைப் பெண்கள்தான். வாட்சின் வேகத்தை நிர்ணயிக்கும் மயிரிழைச் சுருள்வில்லை மூச்சடக்கிப் பொருத்துவது அவர்கள் வேலை.

அந்தப் புத்தாண்டில் சம்பள உயர்வு கேட்ட இருபத்தொரு பெண்களுக்கும் முதலாளி ஜாக்கோ கறுப்புப் பட்டு நாடாவில் கோத்த வாட்சைப் பரிசளித்தார். அரிசியளவு முட்கள். பாரிஸ் சீமாட்டிகள் கட்டுவது. ஸெலி அதை நம்பி வேலைக்குப் போனாள். பிப்ரவரிக்குள் மூன்று முறை, ஏழு மணிக்கு மூடும் ஆலைக்கதவு அவளுக்கு முன்பே மூடியிருந்தது. மூன்றாவது முறைக்குத் தண்டனை வேலைநீக்கம்.

முதலாளியின் மேசையில் வாட்சைக் கழற்றி வைத்தாள்.

"ஒன்பது நிமிஷம் பின்னாடி ஓடுது, ஐயா. உங்க வாட்சு."

மேற்பார்வையாளர் பெர்னூ சிரித்தார். "பொம்பள வாட்சுல எவளாவது மணி பாப்பாளா?"

"அப்ப முள்ளு எதுக்கு? புடுங்கிட்டுக் குடுத்திருக்கலாமே."

ஜாக்கோ வாட்சின் பின்மூடியைத் திறந்தார். உள்ளே ஸெலியின் அடையாளக் கீறல்.

"ஏம்மா, இது நீ பண்ணதுதானே?"

"நான்தான். நீங்க குடுத்த நேரத்துல இவ்வளவுதான் வரும்."

"வீட்ல வச்சு சரிபண்ணிக்க வேண்டியதுதானே?"

"என்னுத மட்டுமா? கடைக்குப் போனதை யாரு சரிபண்றது?"

அன்றே அவளை வெளியேற்றினார்கள்.

திங்கட்கிழமை மற்ற இருபது பெண்களும் அவரவர் வாட்சைப் பார்த்தே வேலைக்கு வந்தார்கள். இருவர் சீக்கிரமே வந்து பனியில் நின்றார்கள். பிறகு நான்கு நிமிடம், ஏழு, பதினொன்று என்று தாமதமாக ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பெர்னூ கதவைத் திறப்பதும் மூடுவதுமாகத் தவித்தார்.

"என்னடி இது, கூத்தா?"

"ஏழு மணி ஐயா," என்று மணிக்கட்டை நீட்டினாள் ஒருத்தி. "பாருங்க, முதலாளி பேரே போட்டிருக்கு."

வியாழக்கிழமை ஸெலியைத் திரும்ப அழைத்தார்கள். பெண்களின் வாட்சைச் சோதிக்க இரண்டு நாள் ஒதுக்கினார்கள்.

ஆண்களுடையதற்கு அதே பதினைந்து நாள்தான்.