டிராக்டர் மேல் இருந்த எங்கள் மேடை

எங்கள் இசைக்குழுவின் வரலாற்றை ஆண்டு விழா மலருக்கு ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். குழுவின் செயலாளர் படித்துவிட்டு, "டிராக்டர் விசயம் வேணாம். ஊர்க்காரங்க கோச்சிக்குவாங்க. அடுத்த வருசம் கூப்புட மாட்டாங்க, பேஜாராப் பூடும்" என்று அந்தப் பத்தியை மட்டும் அடித்துவிட்டார். அடித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் உத்திரமேரூர் பக்கத்துக் காலனிக்காரர்கள். கொத்தனார், தையற்காரர், நாற்று நடப் போகிறவர்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் கலந்த குழு. வேலை முடிந்து வந்து, குளித்து, சாயங்காலம் கூடி வாசிப்போம். நான் டோலக்.

ஊர்த்தெரு அம்மன் கோயிலில் ஆடித் திருவிழா நடக்கும்போது வருடா வருடம் மதியத்துக்கு மேல் எங்கள் கச்சேரி உண்டு. கோயில் எதிரே நல்ல சிமெண்டு மேடை இருக்கிறது. அதில் நாங்கள் ஏறியதே இல்லை. தெருமுனையில் ஒரு டிராக்டர் டிரெய்லரை நிறுத்துவார்கள். அதன் மேல் உட்கார்ந்து வாசிப்போம். உயரத்தில் இருந்தால் நாலு தெருவுக்கும் கேட்கும் என்று காரணம் சொன்னார்கள். நம்பினோம். நம்பியதோடு விட்டோமா? டிரெய்லருக்கு வாழைமரம் கட்டினோம், தோரணம் போட்டோம், எங்கள் பேனரிலேயே டிராக்டர் படத்தைப் பெரிதாக அடித்துக்கொண்டோம். எங்களை ஒதுக்கி நிறுத்திய இடத்துக்கு நாங்களே ஜோடனை செய்தோம். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன ஆடியில் கிளாரினெட் அண்ணனுக்கு முட்டி தேய்ந்து போயிருந்தது. குழு தொடங்கிய நாளில் இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். ஏணி வைத்தோம், இரண்டு பேர் தூக்கிப் பார்த்தோம். அவரால் டிரெய்லரில் ஏற முடியவில்லை. சிமெண்டு மேடைக்கு மூன்றே படி. மேடையும் காலியாகக் கிடந்தது.

விழாக் கமிட்டிக்காரரிடம் போனேன். "மேடை சும்மாதானேங்க கீது. அண்ணன் மட்டும் அதுல உக்காந்து வாசிக்கட்டும்ங்க."

அவர் கோபப்படக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே எங்கள் பேனரைக் காட்டினார். "டிராக்டர்தாம்பா உங்களுக்கு அழகு. நீங்களே படம் போட்டுக்கினு கீறீங்களே, நான் இன்னா சொல்றது?"

திரும்பி வந்தேன்.

"உடு," என்றார் அண்ணன். "நான் கீழயே நிக்கறேன். நீ மேல போய் ஆரம்பி."

மேலிருந்து ஒரு மைக்கைக் கீழே தொங்கவிட்டோம். டயரில் முதுகைச் சாய்த்து, வெயிலில், அந்த முட்டியோடு கச்சேரி முடியும்வரை நின்று வாசித்தார். கூட்டம் டிரெய்லரை அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது. அவர் நிற்பதே பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கமிட்டிக்காரர் மேல் எனக்குக் கோபம் பாதிதான். மீதி எங்கள் மேல். மேலே பத்துப் பேர் இருந்தோம். வாத்தியங்களை எடுத்துக்கொண்டு இறங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம். தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாவது வாசித்திருக்கலாம். ஒருவரும் இறங்கவில்லை. நான் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தாளம்கூடத் தப்பாமல் வாசித்தேன்.