பானட்டின் மேல் ஒரு பொட்டு

ஆவடியில் பட்டாளத்துக்காகப் புதிதாகக் கட்டிய கிடங்குக்குக் குமாஸ்தாக்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே நான் விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய சான்றிதழ் இருந்தது. கையெழுத்து அழகாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். ஒன்றுதான் குறை. ஊரில் மதிப்புள்ள ஒருவர், இவன் நேர்மையானவன், வேலையில் கவனமுள்ளவன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எங்கள் சொந்தபந்தத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவனே நான் ஒருவன்தான். அப்பா கைநாட்டு.

பூந்தமல்லிக்கும் மாங்காட்டுக்கும் நடுவே அப்பா பாடுபட்ட நிலமெல்லாம் ஒரே வீட்டாருக்குச் சொந்தம். அதைப் பெரிய வீடு என்போம். அந்த வீட்டுப் பெரியவர் கையெழுத்துக்கு எந்த ஆபீசிலும் மறுபேச்சு கிடையாது. நல்ல தாளில் இங்கிலீஷில் நானே சான்றிதழை எழுதி, கீழே அவர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் விண்ணப்பம் கிடங்கில் இருக்க வேண்டும்.

பின்பக்கத்துக் கார்க்கொட்டகையில் டிரைவர் ஒரு தகர டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருக்காரர்தான், நான் அண்ணாத்தே என்று கூப்பிடுவேன், அவர் என்னைக் கேலியாக வாத்தியாரே என்பார்.

"வா வாத்தியாரே, நல்ல நேரத்துல வந்தே. பெரியவரு பட்டணத்துலேந்து வாங்கியாந்தாரு. இன்னா சொல்லுது இது?"

வாசித்துச் சொன்னேன். கார் தேய்க்கிற பாலிஷ். அழுக்கையும் எடுக்கும், மெழுகுப் பூச்சும் கொடுக்கும். இரண்டும் ஒரே தேய்ப்பில்.

"ஒரே டப்பா ரெண்டு வேலை செய்யுதா? நம்ம ஊட்டுக்காரிக்குத் தங்கச்சின்னு சொல்லு, அவளும் அப்படித்தான்."

நான் சிரித்து முடிப்பதற்குள் பெரியவரே அங்கே வந்துவிட்டார். வந்த விஷயத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தம் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வருகிறார்கள், ஸ்டேஷனுக்குக் கார் போக வேண்டும், ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு இன்னும் காரின் முன்மூடியில், பானட்டில் அப்பிக் கிடக்கிறது என்றார். "இங்கிலீஷ் படிச்சவன் நீயே பண்ணு. முடிச்சுட்டு வா, போட்டுத் தரேன்."

எனக்குச் சந்தோஷம்தான். சும்மா கேட்டு வாங்குவதைவிட ஒரு வேலை செய்து காட்டி வாங்குவது மேல் என்று பட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"கதவுக்கு உள்ளாற கை வெச்சிடாதே," என்றார் டிரைவர், தணிந்த குரலில். "உனக்கு வெளித்தோலு மட்டும்தான் உத்தரவு."

டப்பாவில் போட்டிருந்தபடியே எல்லாம் செய்தேன். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தேன். வெயில் படாமல் நிழலிலேயே வைத்துக்கொண்டேன். மெத்தென்ற துணியில் கொஞ்சம் எடுத்து, ஒரு முழம் இடத்துக்கு மேல் போகாமல் தேய்த்து, வெளுப்பாகக் காய்ந்ததும் வேறு துணியால் துடைத்தேன். முதல் கதவிலேயே என் முகம் தெரிந்தது. கறுப்புக்குள் என் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை; எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பாதி ரசம் போயிருக்கும். துணி மையாகக் கறுத்தது. வண்டியின் நிறம் துணியில் ஏறுவது இயல்பு, பழைய சாயம்தான் கழல்கிறது என்று டப்பாவிலேயே எழுதியிருந்ததால் நான் பயப்படவில்லை.

"படிச்சவன் தேய்ச்சா தனியாத்தான் கீது," என்றார் டிரைவர், பீடியை இழுத்துக்கொண்டே.

கடைசியில் பானட்டுக்கு வந்தேன். நடுவே மேடாக ஓடும் முதுகின் முன்நுனியில், சந்தனம் காய்ந்து வெடித்து, அதன் நடுவில் குங்குமம் ரூபாய்க் காசு அளவுக்கு இருந்தது. சந்தனம் உடனே உதிர்ந்துவிட்டது. குங்குமமும் துணியோடு வந்தது. ஆனாலும் ஒரு சிவப்பு அடியில் தங்கியது. பிடிவாதமான கறையை அழுத்தித் தேய்க்கவும் என்று டப்பா சொன்னது. அழுத்தித் தேய்த்தேன். சிவப்பு போகவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்து, இரண்டு விரலையும் சேர்த்து வைத்துத் தேய்த்தேன். குங்குமம் இளகிப் பரவுகிறது என்று நினைத்தேன், ஏனென்றால் சிவப்பு அகலமாகிக்கொண்டே போனது. விட்டால் இன்னும் பரவும் என்று வேகமாகத் தேய்த்தேன்.

டிரைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"உடு, உடு. அது குங்குமம் இல்ல, வாத்தியாரே. கறுப்புக்கு அடியில பூசற செவப்பு. பெயிண்டையே தேச்சுத் தின்னுட்டே."

உள்ளங்கை அகலத்துக்குத் திட்டாகச் சிவந்திருந்தது. மற்ற இடமெல்லாம் பளபளத்ததால் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. தண்ணீர் விட்டுப் பார்த்தேன், கறுத்தது. காய்ந்ததும் மறுபடி சிவந்தது.

டிரைவர் கொட்டகை மாடத்திலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். "இந்தா. சந்தனத்தைக் கொழச்சு அப்பி, நடுவுல இதை வெச்சிடு. நல்ல காரியத்துக்குப் போற வண்டி, யாரு கேக்கப்போறாங்கோ? கையெழுத்தை வாங்கிக்கினு நீ போய்க்கினே இரு. அப்பால நான் பாத்துக்கறேன்."

சிமிழைக் கையில் வாங்கினேன். ஆணியில் தொங்கிய சட்டை கண்ணில் பட்டது. நேர்மையானவன் என்று நானே எழுதிய தாள் அதன் பையில் இருந்தது. பொய்யின் மேல் வாங்கிய கையெழுத்தை வைத்துக்கொண்டு உத்தியோகத்துக்குப் போவதா என்று நினைத்தேன். சிமிழைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

"டேய், பைத்தியக்காரா," என்றார் அவர். அதற்குள் நான் பெரியவரிடம் சொல்ல நடந்துவிட்டேன்.

பெரியவர் வந்து குனிந்து பார்த்தார். திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"டப்பாவுல இப்படித்தான் போட்டிருந்ததா?"

"கறையை அழுத்தித் தேய்க்கச் சொல்லியிருந்தது, ஐயா."

"இது கறையா?"

சான்றிதழைக் கேட்டார், கொடுத்தேன். நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"இங்கிலீஷ் நல்லா எழுதறே. நேர்மையானவன்னு போட்டிருக்கே, அது சரிதான், நீயாவே வந்து சொன்னே. வேலையில கவனமுள்ளவன்னும் போட்டிருக்கியேடா. இதுக்குக் கீழே நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"அந்த வரியை எடுத்துவிட்டு வேறே எழுதிக்கொண்டு வருகிறேன், ஐயா."

"வேணாம்." என் மடிப்புகளின் மேலேயே ஒவ்வொன்றாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அப்பாவுக்கு ஆள் போயிற்று. முழங்கால் வரை சேற்றோடு வந்து, துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். திட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஆண்டே, கோவிச்சுக்காதீங்க. படிப்பு படிப்புன்னு கெட்டுப்போய்ட்டான். படிச்சது போதும். நாளையிலேந்து சேத்துல எறங்கட்டும்."

யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. மழைக்காலத்தில் வாய்க்கால் நிரம்பினால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, புத்தகங்களைத் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டவர் அவர். அவ்வளவையும் ஒரே பேச்சில் விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் ரோட்டோரம் நின்றிருந்தேன். கார் வந்தது. பானட்டின் முன்நுனியில் கையகலத்துக்குப் புதுச் சந்தனம், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. புல்லுக்கட்டோடு போன இரண்டு பெண்கள் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிரைவர் என்னைக் கண்டும் நேராகவே பார்த்து ஓட்டிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து டிரைவர் தானே வந்து சொன்னார். "பெரியவருதான் வெக்கச் சொன்னாரு. இன்னா பக்தியான குடும்பம்னு வந்தவங்க ஒரே பாராட்டு." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "வருஷா வருஷம் அந்தப் பொட்டைத் தேங்கா நார் போட்டுத் தேய்க்கறது நான்தான். அந்த எடத்துல தோலு முன்னமே தேஞ்சுதான் கெடந்துது. அவருகிட்டச் சொல்லலாம்னுதான் பாத்தேன்."

"எப்போ?"

அவர் பீடியைத் தேடி மடியைத் துழாவினார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நான் சேற்றில் இறங்கவில்லை. அப்பாவோடு பேச்சும் இல்லை. அதே கிடங்கில் மூட்டையும் பெட்டியும் தூக்குகிறேன். அதற்குச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதையெல்லாம் வாசித்துவிடுகிறேன், வாசிக்காமல் இருக்கத் தெரியவில்லை. ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டேன். "ஓதிக்கினு நிக்காதே, தூக்கு," என்றான் மேஸ்திரி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஆயுத பூஜை மறுபடி வரப்போகிறது. அந்தக் காரில் பொட்டு ஒரு நாளும் காய்வதில்லை என்று டிரைவர் சொன்னார். தினமும் காலையில் புதிதாக வைக்கிறாராம். தாள் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, அடியில் நான் விட்ட இடம் அப்படியே வெள்ளையாக. சிமிழ் என் கையில்தான் இருந்தது. அன்றே பொட்டை வைத்துவிட்டிருக்க வேண்டும். இதை வேறு மாதிரி நினைத்துப் பார்க்க ஒரு வருஷமாக முயன்றுவிட்டேன். முடியவில்லை.