க்யூவுக்குள் இருந்த மீன்

லஞ்ச் முடிந்து வரும்போது ஸ்டெல்லாவின் இடது கை விரல்கள் நீலமாக இருக்கும். பூல் ஆடும் கோலின் நுனியில் தேய்க்கும் சாக் தூள். அதே கையால் வெள்ளை டி-ஷர்ட் சாம்பிளைத் தொட்டுவிட்டு மேனேஜரிடம் திட்டு வாங்குவாள்...

பதினைந்து வருடம் இருக்கும். திருப்பூரில் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தோம். நான் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு பையர்களின் ஆர்டர்களைக் கவனிப்பவள். அவள் தூத்துக்குடியிலிருந்து வந்தவள், துணியில் குறை பார்க்கும் க்யூசி. பக்கத்து மாடியில் இருந்த பூல் பார்லரில் அவளை ஜெயித்த ஆண்கள் குறைவு.

அதைப் பார்த்திருந்த அமெரிக்க பையர் ஒருவர், ரிட்டயராகும்போது பூல் ஆடும் தன் பழைய கோலை, அந்த க்யூவை, அவளிடமே கொடுத்துவிட்டார். இரண்டாகக் கழற்றி மாட்டும் கோல். கருங்காலிப் பிடி, வெள்ளை வளையங்கள். யாரோ கையால் செய்தது. பெயர் மட்டும் எங்கும் இல்லை. அவரும் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்தான்.

கோவையில் பூல் போட்டி. இரண்டு மாதம் இருக்கும்போது முன்பாதி வளைந்துவிட்டது. வேறு எந்தக் கோலும் அதன் திருகு மரையில் ஏறவில்லை. செய்தவரைக் கண்டுபிடித்தால்தான் ஜோடி கிடைக்கும். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றேன்.

"ஏட்டி, செஞ்சது யாருன்னு தெரியாம நான் விடமாட்டேன்."

எங்கள் தையல் மெஷின் மெக்கானிக் வேலுச்சாமி அண்ணன் மரையை அளந்து பார்த்தார். "இது மில்லிமீட்டர் மரை இல்லீங்க அம்மிணி, இஞ்ச் மரை. கடையில வாங்குனதும் இல்லீங்க. செஞ்சவரே கடஞ்சிருக்காரு."

க்யூ சேகரிப்பவர்களின் இணையதளத்தில் போட்டோ போட்டோம். ஆளுக்கொரு பிரபலமான பெயரைச் சொன்னார்கள். ஸ்டெல்லா ஒவ்வொருவர் செய்த க்யூவையும் ஸ்கிரீனில் பெரிதாக்கி, வளையங்களை ஒப்பிட்டு, இல்லை என்று தள்ளினாள். துணியில் குறை தேடிப் பழகிய கண்... கடைசியில் அடியிலிருந்த ரப்பரைக் கழற்றினாள். உள்ளே மரத்தில், பென்சிலால் வரைந்த ஒரு சின்ன மீன்.

அதையும் போட்டோம். பதினோரு நாள் சத்தமே இல்லை. பிறகு அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் எழுதினார். அது அவருடைய அப்பா போடும் அடையாளமாம். ஏதோ தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் க்யூ செய்வாராம். இறந்துவிட்டார். வீட்டில் அவர் செய்த க்யூ ஒன்றுகூட மிச்சமில்லை, ஒரு முன்கோல் மட்டும் ஷெட்டில் கிடக்கிறது, அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார்.

வந்தது. மாட்டினாள். எங்கும் இடிக்காமல் ஏறியது...

போட்டியில் இரண்டாம் இடம். மறுநாள் பார்த்தால் அந்த க்யூவை பனியன் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கே என்றேன்.

"அந்தக்கா வீட்ல ஒண்ணுகூட இல்லையாம்லா."

அவ்வளவுதான் சொன்னாள். அன்றே அமெரிக்காவுக்குக் கூரியர் போனது.

ஸ்டெல்லா இப்போது தூத்துக்குடியில். பார்லர் இருந்த மாடியில் எம்பிராய்டரி யூனிட் ஓடுகிறது. நான் இன்னும் அதே வேலையில்தான். அன்று ஒரு க்யூவைச் செய்தவரைத் தேடி அவ்வளவு அலைந்தோம். இத்தனை வருடத்தில் என் மேசைக்கு வரும் சாம்பிள்களை யார் தைக்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை...

இன்று காலை கேட்டேன். யாருக்கும் பெயர் தெரியவில்லை, தையல் லைன் நம்பரைத்தான் சொன்னார்கள். எழுந்து லைனுக்கே போனேன்.

ஒடிசாக்காரப் பெண். சபிதா என்றாள்.