படிக்குக் கேட்ட பல்பு

முக்பிலுக்கு ஐந்து மாடி வீடு. உடனே பெரிய பணக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். ஏமன் நாட்டு மலையில் எங்கள் ஊர் வீடுகள் எல்லாமே அப்படித்தான், கல்லை அடுக்கி மேலே மேலே போகும். அடியில் ஆடுகள், அதற்கு மேல் சமையலறை, உச்சியில் ஆண்கள் மதியத்துக்குப் பின் உட்கார்ந்து காத் இலை மெல்லும் விருந்தாளி அறை. நடுவே சுற்றிச் சுற்றி ஏறும் இருட்டுப் படி. அந்தப் படியில் தேநீர்த் தட்டோடு ஏறி இறங்கியே காலத்தை ஓட்டியவள் அவன் மனைவி தகிய்யா.

நாட்டில் சண்டை வந்து கரண்ட் போனபின் ஊரே சோலார் வாங்கியது. முக்பிலும் கிளம்பினான்.

“டிவியெல்லாம் உங்க இஷ்டம். படியில மட்டும் ஒரு பல்பு போட்டுடுங்க. சாயங்காலம் ஆனா கால் வைக்கிற இடம் தெரியல” என்றாள் தகிய்யா.

“போட்டுட்டாப் போச்சு.”

கடைக்காரன் ஸைலான், முக்பில் வீட்டின் உயரத்தைக் கேட்டுக்கொண்டான். “பன்னண்டு வோல்ட்டு ஒரு ரூமுக்குச் சரி. உச்சியிலேர்ந்து கீழ வரைக்கும் இழுத்தா கரண்ட் வழியிலயே செத்துரும். இருபத்து நாலு எடுங்க. இல்லன்னா பேட்டரியப் படி நடுவுல வச்சு, கம்பிய தடிமனா போடுங்க.”

“படியில வச்சா வர்றவன் எப்படிப் பாப்பான்?” என்றான் முக்பில்.

அதுதான் விஷயம். எங்கள் ஊரில் பேட்டரி என்பது பார்வைக்கு வைக்கும் பொருள். அவன் மைத்துனன் வீட்டில் அது விருந்தாளி மெத்தைக்குப் பக்கத்திலேயே பச்சை விளக்கு மினுக்க உட்கார்ந்திருந்தது. டிவிக்கும் பன்னிரண்டு போதும். முக்பில் பன்னிரண்டையே வாங்கி உச்சி அறையில் வைத்தான். படிக்கும் சமையலறைக்கும் மீந்துபோன மெல்லிய கம்பியை இழுத்துவிட்டான். மேலே டிவி பளிச்சென்று ஓடியது. கீழே பல்புகள் அழுது வடிந்தன.

“இது எரியுதா, தூங்குதா?” என்று தகிய்யா சிரித்தாள்.

அடுத்த வாரம் மாற்றுகிறேன் என்றான். ஊரார் தினமும் வந்து பேட்டரியை மெச்சினார்கள். அந்த அடுத்த வாரம் மட்டும் வரவில்லை.

ஒரு மாலை, டிவியில் பந்தாட்டம் சூடுபிடித்த நேரம். “டீ எங்க?” என்று மேலிருந்து குரல் கொடுத்தான். பதிலாகப் படியிலிருந்து கிளாசுகள் நொறுங்கும் சத்தம் வந்தது. தகிய்யாவுக்கு இடுப்பெலும்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்தார்கள். அதன்பின் அவள் நடக்கவில்லை.

அவளைச் சமையலறையிலேயே படுக்க வைத்தார்கள். முக்பில் பேட்டரியைத் தோளில் சுமந்து இறக்கி, அவள் தலைமாட்டில் வைத்து பல்பைப் போட்டான். பட்டப்பகல் மாதிரி இருந்தது.

“நல்லாத் தெரியுதா?”

“தெரியுது. இங்க எனக்கு எதுக்கு இது? உப்பு எங்க, சர்க்கரை எங்கன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன். நான் படிக்குத்தானே கேட்டேன்.” அவளே மேலும் சொன்னாள்: “இனிமே தட்டைத் தூக்கிட்டு ஏறப்போறது நீங்கதான். படியில வைங்க. நீங்களும் விழுந்துட்டா நமக்கு யாரு இருக்கா?”

அன்றைக்கே பேட்டரி படி நடுவில் போய் உட்கார்ந்தது, ஸைலான் சொன்ன அதே இடத்தில், தடிமனான கம்பியோடு. இப்போது அந்தப் படியில் எறும்பு ஊர்ந்தாலும் தெரிகிறது. வெளிச்சம் கேட்டவள் கீழே படுத்திருக்கிறாள்.