ஆட்டம் காணாத தோள்

தோள்மூட்டை மாற்றிக்கொள்ள நான் சம்மதித்தது ஒரே காரணத்துக்காக. என் கொண்டையை நானே போட்டுக்கொள்ள வேண்டும். மூட்டு தேய்ந்து, வலது கை காதுக்கு மேல் எழாமல், இரண்டு வருடம் தலைவிரி கோலமாகத் திரிந்தவளுக்கு அது சின்ன ஆசை இல்லை.

என் கணவர் தச்சர். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கதவு, நிலை வேலை பார்ப்பவர். மதுரையில் ஆபரேஷனுக்கு முதல் நாள், எலும்பின் தலைக்குப் பதிலாக வைக்கப்போகும் உலோகக் குமிழைப் பற்றி டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். இவர் குறுக்கே புகுந்தார்.

"கொஞ்சம் பெருசாவே போட்டு இறுக்கிவிடுங்க சார். கழுந்து லூசா இருந்தா ஆட்டம் கண்டுரும்."

துளைக்குள் அசையாமல் நிற்க வேண்டிய மரமுனையான கழுந்தும், சுழல வேண்டிய தோளும் இவருக்கு ஒன்றுதான். டாக்டர் சிரித்தபடி தலையாட்டினார். தோளுக்குச் சொந்தக்காரியை இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் பயிற்சி செய்தேன். சுவரில் விரல்களை நடத்தி ஏற்றுவேன். தோள் உயரத்தில் கை நின்றுவிடும். "வலிக்குப் பயந்துக்கிட்டு ஏமாத்துற" என்றார் இவர். நான் அழுதுகொண்டே செய்ததெல்லாம் இவர் வேலைக்குப் போன பிறகு.

கடைசியில் வேறொரு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்தவர், "உங்க எலும்புக்கு இந்தக் குமிழ் ஒரு சைஸ் பெருசும்மா. மூட்டுக்குள்ள இடமே இல்ல. சுத்தியிருக்கிற தசையெல்லாம் இழுத்துப் பிடிச்சு நிக்குது, கை எப்படி மேல வரும்?" என்றார். மறுபடி திறந்து சின்னதாக மாற்றலாம், ஆனால் கை தூக்க வரும் என்று உறுதி சொல்ல முடியாதாம். முதல் டாக்டர் இவர் பேச்சைக் கேட்டுப் போட்டாரா, தானாகவே அளவு தவறினாரா, எனக்குத் தெரியாது. இரண்டு பேர் மேலும் எனக்கு ஒரே ஆத்திரம்தான்.

ஊர் திரும்பும் பஸ்ஸில், திருப்பத்தூர் தாண்டியதும் இவரைக் கேட்டேன்.

"மழையில ஊதிப்போன கதவு இறுகுனா என்ன செய்வீக?"

"இழைச்சுவிடுவேன்."

"இதையும் இழைச்சுவிடுங்க."



மறு ஆபரேஷனுக்கு எனக்குத் துணிவில்லை. தினமும் காலையில் இவர்தான் எனக்குக் கொண்டை போடுகிறார். இன்றும் நெற்றித்தோல் பின்னால் இழுபட்டது. "இவ்வளவு இறுக்காதீக" என்றேன்.

"பேசாம இரு. லூசா விட்டா அவுந்துரும்" என்றார்.