ஜெனிட்டா கட்டிய வீடு

புதிதாக அறுத்த மரத்தின் வாசனை இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால், எனக்குக் கோபம்தான் வரும்...

நாவலப்பிட்டி டவுனுக்குச் சற்று வெளியே இருந்த ஒரு முன்பள்ளியில் எனக்கு முதல் வேலை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்காகக் காத்திருந்த காலம். இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு பெரிய டீச்சர், அவருக்கு உதவியாக நான்.

வகுப்பில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் கொழும்பிலிருந்து யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பொம்மைகள். பட்டனை அமுக்கினால் இங்கிலீஷில் பாடும் பொம்மை, தானாக ஓடும் கார், லைட் எரியும் டெலிபோன்... எல்லாம் புத்தம் புதிதாக. சாவி பெரிய டீச்சரின் ஹேண்ட்பேக்கில்.

பிள்ளைகள் கையில் ஒன்றுமில்லை. நான்தான் பக்கத்துத் தளபாடப் பட்டறையில் கேட்டு, வெட்டி மிஞ்சிய மரத்துண்டுகளை ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்தேன். கையில் சிலாம்பு ஏறக்கூடாதே என்று இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தேய்த்தேன்.

என்ன வடிவம் என்றே சொல்ல முடியாத துண்டுகள். காலையில் அவை ரயில், பத்து மணிக்கு ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் போகும் நேரம் பேர்த்டே கேக்... யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜெனிட்டா என்று நாலு வயதுப் பிள்ளை. அம்மா குவைத்தில் வீட்டு வேலை. சேர்ந்து இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் துண்டுகளை அடுக்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"மிஸ், இது எங்கம்மா வேல செய்ற வீடு. நெறைய ரூம் இருக்கு. அம்மா எந்த ரூம்ல தூங்குறாங்கன்னு தெரியல. அதான் எல்லாத்தயும் கட்டுறேன்."

மூன்று நாள் கட்டினாள். கலைக்காமல் மூலையில் விட்டு வைத்தோம். மற்றப் பிள்ளைகள்கூட அதைச் சுற்றித்தான் நடந்தார்கள்.

நாலாம் நாள், பொம்மை கொடுத்தவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி.

"என்ன மிஸ் இது குப்பை? வாறவங்க பாத்தா என்ன நெனப்பாங்க? அள்ளுங்க!" என்றார் பெரிய டீச்சர்.

அள்ளினேன். நானேதான்... ஜெனிட்டா வருவதற்கு முன்னால். சாக்கைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தேன்.

வந்தார்கள். அலுமாரி திறந்தது. ஆளுக்கொரு பொம்மை கையில். படம் எடுத்தார்கள். அவர்களுடைய வேன் கேட்டைத் தாண்டியதும், பெரிய டீச்சர் ஒவ்வொரு கையிலிருந்தும் பொம்மையைப் பிடுங்கித் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டினார். ஒரு பிள்ளை விடமாட்டேன் என்று இழுத்தது. விரலைப் பிரித்து எடுத்தார்!

எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளைங்க வெளையாடத்தானே டீச்சர் குடுத்தாங்க?"

"ஒடச்சிட்டா யாரு பதில் சொல்றது? நீங்களா?"

மரத்துண்டுகளையாவது கொடுப்போம் என்று பின்பக்கம் ஓடினேன். சாக்கு காலி. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்க அடுப்பில் போட்டிருந்தார்கள்.

"காஞ்ச வெறகுதானேன்னு எடுத்துட்டேன் மிஸ்" என்றார் சமையல் அக்கா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாளே பட்டறைக்குப் போய் இன்னொரு சாக்கு கொண்டுவந்தேன். ஜெனிட்டா ஒரு வாரம் தொடவில்லை. பிறகு ஏதேதோ கட்டினாள், வீட்டை மட்டும் கட்டவில்லை. தினமும் மணி அடிக்கும் முன் தானே எல்லாவற்றையும் கலைத்துச் சாக்கில் போட்டாள்.

"இருக்கட்டும் ஜெனிட்டா, மிஸ் பாத்துக்குறேன்."

"வேணாம் மிஸ். நானே ஒடச்சிர்றேன்."

சாக்கின் வாயை அவளுக்காக விரித்துப் பிடித்தேன்.

இத்தனை வருஷம் கழித்து, போன கிழமை என் மகளைச் சேர்க்கக் கண்டியில் ஒரு முன்பள்ளிக்குப் போனேன். சுவர் நிறைய விளையாட்டுச் சாமான்கள். எல்லாம் தானே பேசும், தானே பாடும், தானே ஆடும். எல்லாவற்றையும் அவையே செய்துவிட்டால் பிள்ளை செய்ய என்ன மிச்சம்?

"கட்டி வெளையாட ஏதாவது இருக்கா டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஐயோ, கிளாஸ் மெஸ் ஆயிடும் மெடம். எங்க பிள்ளைங்க ஒண்ணையும் கலைக்க மாட்டாங்க. அவ்வளவு டிசிப்ளின்!"

பெருமையாகச் சொன்னார். விண்ணப்பப் படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ஒன்றுமில்லாத இடத்தில், பெரிய டீச்சர் பார்க்காத நேரத்திலாவது, பிள்ளைகள் ஒரு ஊரையே கட்டினார்கள்... இன்று அவ்வளவு பெரிய ஹாலில் ஒரு பிள்ளைகூடத் தரையில் உட்கார்ந்திருக்கவில்லை.

கண்டிப் பக்கம், சாமான்களைக் கொட்டிக் கலைத்துப் பிள்ளைகளை விளையாட விடுகிற இடம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக இருந்தால் இன்னும் நல்லது.